தில்லியை வரிசையாகப் பார்ப்பது எப்படி? கோட்டைகள், கல்லறைகள், அருங்காட்சியகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நகரத்துக்கு ஒரே ஒரு நாளைத்தான் ஒதுக்குகிறார்கள். காசி, ஹரித்துவார், ஆக்ரா என்று நீளும் பயணத்தின் நடுவே ஒரு சுற்றுலா வண்டியில் ஏறி, செங்கோட்டை வாசலில் அரை மணி, இந்தியா கேட்டில் கால் மணி, குதுப்மினார் முன்பு ஒரு புகைப்படம் என்று ஓடி, இரவில் களைத்துப்போய் அறைக்குத் திரும்புகிறார்கள். பார்த்த இடங்கள் எல்லாம் சிவப்புக் கல்லும் குவிமாடமுமாக மனத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எது முந்தியது, எது பிந்தியது, யார் எதைக் கட்டினார்கள் என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால் சொல்லத் தெரிவதில்லை.

இதற்கு எளிய மாற்று உண்டு. தில்லியின் பழைய நகரங்கள் பெருமளவு தெற்கிலிருந்து வடக்காக வளர்ந்தவை. 12, 13ஆம் நூற்றாண்டுத் தில்லி தெற்கே மெஹ்ரோலியில் இருக்கிறது. லோடி சுல்தான்களும் தொடக்கக்கால முகலாயர்களும் நடுவில் இருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு ஷாஜஹானாபாத், இன்றைய பழைய தில்லி, வடக்கே இருக்கிறது. இந்த வரிசைக்கு விலக்குகள் உண்டு. துக்ளகாபாத் தென்கிழக்கில் ஒதுங்கி நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டின் பிரோஸ் ஷா கோட்லா வடக்கே தள்ளிக் கிடக்கிறது. என்றாலும் இந்தப் போக்கைப் பிடித்துக்கொண்டு தெற்கில் தொடங்கி வடக்கே நகர்ந்தால், 500 ஆண்டு வரலாறு நாள் கணக்கில் நம் கண்முன் விரியும். அருங்காட்சியகங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த முறையில்தான் அமைந்திருக்கிறது. நான்கு நாட்கள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். மூன்றே நாட்கள் என்றால் எதைக் கைவிடலாம் என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

கிளம்பும் முன்

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பிப்ரவரியும் மார்ச் மாதமும் மிக நல்லவை, அக்டோபரும் பரவாயில்லை. நவம்பரில் புகைமூட்டம் மூச்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாகும். நம் ஊரில் வாங்கிய மெல்லிய ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குப் போதாது. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். திறந்தவெளிச் சின்னங்களைப் பகலில் பார்ப்பது அப்போது இயலாத காரியம்.

தேதியிலும் கவனம் வேண்டும். குடியரசு நாளையொட்டி ஜனவரியில், அணிவகுப்பு நடக்கும் கர்த்தவ்ய பாதையைச் சுற்றி ஒத்திகைகளும் சாலை அடைப்புகளும் இருக்கும். சுதந்திர நாளுக்கு முன்பு செங்கோட்டையைப் பாதுகாப்புக்காக மூடிவிடுவார்கள். இந்த இரண்டு காலங்களிலும் பயணம் வைத்தால் முக்கியமான இடங்களை இழக்க நேரிடும்.

அடுத்தது கிழமை. இதில்தான் பலருடைய திட்டம் குலைகிறது. திங்கட்கிழமை தேசிய அருங்காட்சியகம், நவீன ஓவியக்கூடம், கைவினை அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, செங்கோட்டை அனைத்துக்கும் விடுமுறை. குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாட்களிலும் திறந்திருக்கும். எனவே ஞாயிறு இரவு போய்ச் சேர்ந்து, திங்களன்று மெஹ்ரோலியில் தொடங்குவது மிகப் பொருத்தம். திங்கள் குதுப், செவ்வாய் லோடி தோட்டமும் ஹுமாயூனும், புதன் செங்கோட்டை, வியாழன் அருங்காட்சியகங்கள் என்று வரிசை தானாக அமைந்துவிடும். ஆக்ராவும் திட்டத்தில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

தங்குமிடத்தை விலையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெட்ரோவின் மஞ்சள் தடத்துக்கு நடந்து போகும் தொலைவில் தங்குங்கள். குதுப்மினார், ஹௌஸ் காஸ், ஜோர் பாக், உத்யோக் பவன், ராஜீவ் சௌக், சாந்தினி சௌக் ஆகிய நிலையங்கள் எல்லாம் அந்த ஒரே தடத்தில்தான் இருக்கின்றன. தெற்கிலிருந்து வடக்கு என்ற நம் வரிசையும் ஏறக்குறைய அதே பாதைதான். நம் மக்கள் வழக்கமாகத் தங்கும் கரோல் பாக் நீலத் தடத்தில் இருக்கிறது. அங்கே தங்கினால் ராஜீவ் சௌக்கில் இறங்கி மாற வேண்டும்; அது பெரிய சிரமம் இல்லை. மெட்ரோ நிலையங்களில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். காலை, மாலை நெரிசலில் அதற்கே கால் மணி நேரம் ஆகும். பெண்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு. நடைமேடையில் அது நிற்கும் இடத்தைக் குறித்து வைத்திருப்பார்கள்.

டிக்கெட்டை இந்தியத் தொல்லியல் துறையின் இணையதளத்திலோ, வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு மூலமோ எடுத்துவிடுங்கள். குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை போன்ற இடங்களில் இந்தியர்களுக்குக் கட்டணம் 35, 40 ரூபாய் அளவில்தான். வெளிநாட்டவருக்கு 550, 600 ரூபாய் வரை ஆகும். இணையத்தில் எடுத்தால் சற்றுக் குறைவு, வரிசையிலும் நிற்க வேண்டாம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. இலங்கையிலிருந்து வரும் தமிழர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சார்க், பிம்ஸ்டெக் என்ற பிராந்தியக் கூட்டமைப்புகளில் உள்ள நாட்டுக் குடிமக்களுக்கும் இந்தியர்களுக்கான கட்டணமே. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். தெரியாமல் வெளிநாட்டவர் கட்டணம் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மலேசியா, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருப்பவர்கள் இந்தியர் கட்டணத்திலேயே போகலாம்.

முதல் நாள்: மெஹ்ரோலி

குதுப்மினார் மெட்ரோ நிலையத்திலிருந்து கோபுரம் நடக்கும் தொலைவில் இல்லை, ஆட்டோ பிடியுங்கள். காலை 7 மணிக்கெல்லாம் போய்விட்டால் ஏறத்தாழ தனியாகவே பார்க்கலாம். 10 மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளின் பஸ்கள் வரிசையாக வந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் 72.5 மீட்டர் உயரமான மினாரை நோக்கித்தான் நடப்பார்கள். அது எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், அவசரம் இல்லை. 1981-இல் உள்ளே நெரிசலில் பலர் உயிரிழந்த பிறகு மேலே ஏறவும் விடுவதில்லை. அதனால் முதலில் பக்கத்தில் இருக்கும் குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலுக்குள் போங்கள். அதன் தூண்களைப் பாருங்கள். நம் கோயில் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை உடனே பிடிபடும். சங்கிலியில் தொங்கும் மணிகள், பூரண கும்பம், கீர்த்திமுகம் எல்லாம் இருக்கின்றன. சில இடங்களில் உருவங்களின் முகம் செதுக்கி எடுக்கப்பட்டிருக்கிறது. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாகக் கிழக்கு வாசலில் உள்ள பாரசீகக் கல்வெட்டே சொல்கிறது. ஒரே தூணில் வெவ்வேறு அளவுள்ள இரண்டு தூண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உயரம் கூட்டியிருப்பதையும் காணலாம்.

பள்ளிவாசல் முற்றத்தின் மேற்கில் உயர்ந்து நிற்கும் வளைவுச் சுவரில் இன்னும் நேரம் செலவிடுங்கள். தில்லியின் முதல் சுல்தான் குத்புத்தீன் ஐபக்கின் காலத்தில், 1199 வாக்கில் எழுந்த சுவர் அது. அவருக்கு வேண்டியது வளைவு. வேலை செய்தவர்கள் உள்ளூர்ச் சிற்பிகள். அவர்களுக்குத் தெரிந்ததோ தூணும் உத்திரமும். கற்களைப் படுக்கையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிடச் சற்று முன்தள்ளி, இரண்டு பக்கமும் உச்சியில் சேரும்படி செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது வளைவு. கல்லின் கிடைக்கோடுகளைக் கவனித்தால் உள்ளே இருப்பது பழைய முறை என்று தெரியும். இதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் தேவைப்படும்.

முற்றத்தின் நடுவே இரும்புத் தூண். பள்ளிவாசலைவிடப் பல நூற்றாண்டு பழையது. குப்தர் கால பிராமி எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு அதில் இருக்கிறது. அதில் சொல்லப்படும் 'சந்திரன்' என்ற அரசன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. 1,600 ஆண்டு மழையில் நின்றும் துருப்பிடித்து உதிராததற்குக் காரணத்தை ஐ.ஐ.டி. கான்பூரின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று உருவாகி, துரு உள்ளே பரவாமல் தடுக்கிறது. தூணைக் கைகளால் பின்புறமாகக் கட்டிப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று மக்கள் தொட்டுத் தொட்டுத் தேய்த்ததால் இப்போது சுற்றிலும் வேலி. கல்வெட்டை வேலிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும்.

அடுத்து அலாய் தர்வாஸா. அலாவுதீன் கில்ஜி 1311-இல் கட்டிய வாயில். அதே 1311-இல்தான் அவருடைய தளபதி மாலிக் காபூர் மதுரை வரை போய்க் கொள்ளையிட்டுத் தில்லிக்குத் திரும்பினார். பாண்டிய நாட்டுப் பொக்கிஷத்தைச் சுமந்துகொண்டு அந்தப் படை நகருக்குள் வந்த காலத்துக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். சிவப்புக் கல்லில் வெள்ளைப் பளிங்கை இழைத்த அழகும், உண்மையான வளைவும் குவிமாடமும் இங்கே முழுமை பெற்றுவிட்டன. மினாரைப் போல இரு மடங்கு உயரத்தில் ஒன்றைக் கட்ட அலாவுதீன் தொடங்கியது முதல் தளத்தோடு நின்றுபோய், அலாய் மினார் என்ற பெயரில் கரடுமுரடான கற்குவியலாக வடக்கே இருக்கிறது.

பிற்பகலில் பக்கத்திலேயே உள்ள மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்கு நடந்து செல்லுங்கள். கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. சுற்றுலா வண்டிகள் இங்கே நிற்பதே கிடையாது; என் கணக்கில் தில்லியின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று இது. சுல்தான் பால்பனின் சிதைந்த கல்லறையைக் கேட்டுப் போங்கள். அலங்காரம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த வளைவில் கற்கள் படுக்கையாக இல்லை. ஆப்பு வடிவில் வெட்டிய கற்களை விசிறி விரித்தது போல் நிறுத்தி, உச்சிக்கல் ஒன்றால் பூட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் நமக்குத் தெரிந்த முதல் உண்மையான வளைவு இதுதான் என்பார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம். காலையில் பார்த்த சுவருக்கும் இதற்கும் இடையே நூறு ஆண்டுகூட இல்லை. அதற்குள் கொத்தனார்கள் புதிய வித்தையைக் கற்றுவிட்டார்கள். பூங்காவிலேயே ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறும், ஜமாலி கமாலி பள்ளிவாசலும் கல்லறையும் இருக்கின்றன. வழி தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்காது. இருட்டும் முன் வெளியே வந்துவிடுங்கள். பெண்கள் தனியாகப் போவதைவிடத் துணையோடு போவது நல்லது.

நேரம் மிச்சமிருந்தால் மாலையில் ஹௌஸ் காஸ் குளக்கரையில் பிரோஸ் ஷா துக்ளக்கின் மதரஸாவைப் பார்க்கலாம். களைப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள்: லோடி தோட்டமும் ஹுமாயூனும்

காலையில் ஜோர் பாக் நிலையத்தில் இறங்கி லோடி தோட்டத்துக்கு நடங்கள். இதற்கும் கட்டணம் இல்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளின் சய்யித், லோடி சுல்தான்களின் கல்லறைகளைச் சுற்றி 1936-இல் ஆங்கிலேயர் அமைத்த தோட்டம் இது. அப்போது வைஸ்ராயின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் பூங்கா என்று அழைக்கப்பட்டது. அந்த வில்லிங்டன் முன்பு நம் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். முகமது ஷாவின் எண்கோணக் கல்லறையை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் பக்கம், சுற்றிலும் தாழ்வாரம், மூலைகளில் சாய்வான முட்டுச்சுவர். இதே வடிவத்தை அடுத்த இடத்தில் மறுபடி சந்திக்கப் போகிறோம்.

அடுத்த இடம் ஹுமாயூன் கல்லறை. வாசலில் நுழைந்ததும் நேரே பெரிய கல்லறைக்குப் போகாமல் வலப்பக்கம் திரும்பி ஈசா கானின் கல்லறைக்குப் போங்கள். 1547-இல் கட்டியது, ஹுமாயூன் கல்லறைக்கும் முந்தியது. காலையில் லோடி தோட்டத்தில் பார்த்த அதே எண்கோணம். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அடுத்த வாயிலைக் கடந்தால், 1560களில் எழுந்து 1570 வாக்கில் முடிந்த பேரரசனின் கல்லறை நான்கு பகுதித் தோட்டத்தின் நடுவே நிற்கும். கணவனுக்காக இதைக் கட்டுவித்தவர் ஹாஜி பேகம். வடிவமைத்தவர் மீராக் மிர்ஸா கியாஸ். சுல்தான்களின் அடக்கமான எண்கோணத்திலிருந்து முகலாயர்களின் பிரம்மாண்டத்துக்குச் சில நூறு அடிகளில் தாண்டிவிடுகிறோம். தாஜ்மகாலுக்கு வழிகாட்டிய கட்டடம் இதுதான். என்னைக் கேட்டால், கூட்டமில்லாமல் நின்று பார்க்க முடிவதால் இது தரும் நிறைவு தாஜில் கிடைப்பதில்லை.

இங்கே பராமரிப்பையும் கவனியுங்கள். ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சேர்ந்து செய்த புதுப்பிப்பில், 20ஆம் நூற்றாண்டில் கூரை மீது கொட்டியிருந்த சுமார் பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். நம் ஊர்க் கோயில்களில் பழைய தளவரிசையின் மேல் சிமென்ட் பூசுவதைப் பார்த்து வேதனைப்பட்டவர்கள் இந்த வேலையை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

1857 செப்டம்பரில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் ஒளிந்திருந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இதே வளாகத்தில்தான். 1947-இல் பிரிவினை அகதிகள் கூடாரமிட்டுத் தங்கியதும் இங்கேதான். வாசலருகே 2024-இல் திறக்கப்பட்ட நிலத்தடி அருங்காட்சியகம் இந்தக் கதைகளைச் சொல்கிறது. அதற்குத் தனி டிக்கெட். கல்லறையைப் பார்த்து முடித்த பின் அதற்குள் போவதே நல்லது.

மாலையில் சாலையின் எதிர்ப்புறம் நிஜாமுதீன் தர்கா. குறுகிய சந்துகள், கூட்டம், பூக்கடைகள். தலையை மூடிக்கொள்ள ஒரு துணி எடுத்துச் செல்லுங்கள். செருப்புக்குக் காசு கேட்பார்கள். பத்து, இருபது ரூபாய் கொடுத்தால் போதும். காணிக்கைப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்திட வற்புறுத்துகிறவர்களிடம் கைகூப்பிவிட்டு நகருங்கள். நிஜாமுதீன் அவுலியாவின் அடக்கத்தலத்துக்குப் பக்கத்திலேயே அவர் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் உறங்குகிறார். வியாழன் மாலை கவ்வாலி விரிவாக நடக்கும். இசையில் ஈடுபாடு உள்ளவர்கள் தர்காவை மட்டும் வியாழனுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

புராணா கிலா என்ற பழைய கோட்டை வழியில்தான் இருக்கிறது. ஹுமாயூன் 1556 ஜனவரியில் படிக்கட்டில் தவறி விழுந்து இறக்கக் காரணமான ஷேர் மண்டல் கட்டடம் அதற்குள் நிற்கிறது. மூன்றே நாட்கள் உள்ளவர்கள் இதைக் கைவிடலாம்.

மூன்றாம் நாள்: செங்கோட்டை, பழைய தில்லி

லால் கிலா மெட்ரோ நிலையம் கோட்டை வாசலிலேயே இருக்கிறது. பாதுகாப்புச் சோதனை கடுமையானது. பெரிய பை, தீப்பெட்டி, உணவுப் பொட்டலம் எதுவும் வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போது அருங்காட்சியகங்களையும் சேர்த்தே எடுங்கள். கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதி பார்த்த கணக்குதான்.

காரணத்தைச் சொல்கிறேன். ஷாஜஹான் 1639-இல் தொடங்கி 1648-இல் குடியேறிய அரண்மனை நகரத்தின் பெரும்பகுதியை 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இடித்த இடத்தில் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். யமுனைப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் ரங் மகால், திவானே காஸ் போன்ற பளிங்கு மண்டபங்கள் அந்த அழிவிலிருந்து தப்பியவை. வெட்டவெளியாகக் கிடக்கும் புல்தரையில் ஒரு காலத்தில் முற்றங்களும் அந்தப்புரங்களும் இருந்தன. மயிலாசனத்தை 1739-லேயே பாரசீக மன்னர் நாதிர் ஷா கொண்டுபோய்விட்டார். திவானே ஆம் மண்டபத்தில் அரியணை மேடையின் பின்சுவரில் பறவைகள் பதித்த கற்பலகைகளைப் பார்ப்பீர்கள். அவையும் 1857-க்குப் பின் லண்டனுக்குப் போய், வைஸ்ராய் கர்சன் காலத்தில் திரும்பி வந்து, இத்தாலியக் கலைஞர் ஒருவரால் சீர்செய்யப்பட்டவை. இவ்வளவும் தெரிந்து பார்த்தால்தான் அந்த வெறுமைக்கு அர்த்தம் புரியும்.

அந்தப் படைவீரர் குடியிருப்புகளில்தான் இப்போது 2019-இல் திறந்த அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஒன்று 1857 பற்றியது, ஒன்று ஜாலியன்வாலா பாக் பற்றியது. தமிழர்கள் தவறவிடக் கூடாதது நேதாஜியும் இந்திய தேசிய ராணுவமும் பற்றிய கூடம். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படையில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அதன் தலைவி சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி. 1945 நவம்பரில் இந்தக் கோட்டைக்குள் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் மூவர்மீதும் நடந்த ராணுவ விசாரணை நாட்டையே கொந்தளிக்க வைத்தது. அந்தப் பிரேம் சேகலைத்தான் லட்சுமி 1947-இல் மணந்தார். பினாங்கிலும் ஈப்போவிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் இந்தக் கூடத்தில் பெரியவர்களோடு சற்று உட்கார்ந்து பேசும்படி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையிலிருந்து சாந்தினி சௌக் வழியாக 1656-இல் முடிந்த ஜாமா மசூதிக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் போகலாம். ஏறும் முன்பே கூலியைப் பேசி முடியுங்கள். தொழுகை நேரத்தில் வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள்.

பிற்பகலில் பிரோஸ் ஷா கோட்லா. கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தும் யாரும் எட்டிப் பார்க்காத இடம். 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக், தோப்ரா என்ற ஊரிலிருந்து அசோகர் தூணைப் பஞ்சில் சாய்த்து, வண்டியிலும் படகிலுமாகக் கொண்டுவந்து, படிப்படியாக எழும் கட்டடத்தின் உச்சியில் நிறுத்தினார். அவர் காலத்தில் அதில் எழுதியிருப்பதைப் படிக்க ஆளில்லை. 1837-இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்தபோது அவருக்கு உதவிய கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று. மாங்குளம், புகலூர்க் குகைகளில் உள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்தைப் பின்னர் அறிஞர்கள் படிக்க முடிந்ததற்கும் அந்தத் திறவுகோல்தான் அடிப்படை. சோழர், பாண்டியர் பெயர்கள் இந்தத் தூணில் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அவை வருவது அசோகரின் பாறைச் சாசனங்களில். அவருடைய ஏழாம் தூண் சாசனம் இந்த ஒரு தூணில் மட்டுமே காணப்படுகிறது. வியாழக்கிழமைகளில் இந்த இடிபாடுகளின் நிலவறைகளில் ஜின்களுக்கு மனு எழுதி வைக்க மக்கள் கூடுவார்கள். அந்த மனுக்களைப் படிக்கவோ படமெடுக்கவோ வேண்டாம். அவை அவரவர் துயரம்.

நான்காம் நாள்: அருங்காட்சியகங்கள்

ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு உத்யோக் பவன் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். 10 மணிக்குத் திறக்கும். பையை வாசலில் ஒப்படைக்க வேண்டும். 1949-இல் குடியரசுத் தலைவர் மாளிகையில் தொடங்கி, 1960-இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. இதன் இயக்குநராக இருந்தவர்களில் ஒருவர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பணியாற்றிப் பெயர் பெற்ற சி. சிவராமமூர்த்தி. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் இதன் இருப்பில் உள்ளன. மத்திய அரசுச் செயலகத்தின் வடக்கு, தெற்கு பிளாக்குகளில் புதிய பெரிய அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் இருப்பதால், போகும் முன் எந்தக் கூடங்கள் திறந்திருக்கின்றன என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கூடங்களையும் பார்க்க முயலாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் கண்ணும் உண்மையில் பார்ப்பதில்லை. மூன்று கூடங்களைத் தேர்ந்தெடுங்கள். என் தேர்வு ஹரப்பா, புத்தர் கூடம், செப்புத் திருமேனிகள்.

ஹரப்பா கூடத்தில் மொகஞ்சதாரோவின் நடன மங்கை இருக்கிறாள். பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துப் பெரிய சிலையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் அவளைக் கடந்தே போய்விடுவார்கள். உயரம் வெறும் 10.5 சென்டிமீட்டர். குனிந்து, கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வலக்கை இடுப்பில். இடக்கையில் தோள்வரை வளையல்கள், வலக்கையிலோ சிலவே. தலை சற்று நிமிர்ந்து, கண்கள் பாதி மூடியபடி, யாருக்கும் பணியாத நிலை. பக்கவாட்டில் நகர்ந்தால் பின்னலிட்ட கூந்தல் தோளில் சரிந்திருப்பது தெரியும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் செய்தது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்யும் முறையின் அடிப்படை இதுதான்.

அதே கூடத்தில் நகைகளையும் தேடுங்கள். பிரிவினையின்போது அகழாய்வுப் பொருட்களை இந்தியாவும் பாகிஸ்தானும் பங்கு போட்டன. மொகஞ்சதாரோ கழுத்தணியைக்கூட மணிமணியாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டன. இங்கே இருப்பது ஒரு பாதிதான்.

புத்தர் கூடத்தில் பிப்ராவா என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த, புத்தருடையவை என்று கருதப்படும் புனித எலும்புகள் தாய்லாந்து வழங்கிய பொன் வேய்ந்த மாடத்துக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. தாய்லாந்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்கள் தரையில் அமர்ந்து வழிபடுவார்கள். அவர்களுக்கு இடம்விட்டுச் சுற்றி வாருங்கள்.

செப்புத் திருமேனிக் கூடத்தில் சோழர் கால நடராசரும், காளிங்கன் மீது ஆடும் கண்ணனும் இருக்கிறார்கள். இங்கே நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய உற்சவரைத்தான் பார்த்திருக்கிறோம். அங்கே முகமும் பாதமும் மட்டுமே தெரியும். இங்கே முதுகுப்புறத்தையும் சுற்றி வந்து பார்க்கலாம். தோள்பட்டைக்குப் பின்னால் உள்ள சிரச்சக்கரம், பூணூல் முதுகில் இறங்கும் வளைவு, பீடத்தில் தண்டு செருகும் துளைகள் எல்லாவற்றையும் நின்று பாருங்கள். உடன்வரும் பிள்ளைகளுக்கு அந்தத் துளைகள் வீதியுலாவுக்கானவை என்று சொல்லுங்கள். எந்த விளக்கப் பலகையும் அதைச் சரியாகச் சொல்வதில்லை.

மதிய உணவுக்கு அசோகா சாலையில் ஆந்திர பவன் கேன்டீன். சோறு, பருப்புப் பொடி, நெய், ரசம் என்று நம் வயிற்றுக்கு இதமான சாப்பாடு. கூட்டம் அதிகம், 12 மணிக்கே போய்விடுங்கள்.

பிற்பகலில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓவியத்தில் விருப்பம் உள்ளவர்களுக்கு இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸில் 1954 முதல் இயங்கும் நவீன ஓவியக்கூடம். அங்கே அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியங்களைத் தேடிப் போங்கள். கன்னியாகுமரி வரை தென்னாட்டில் பயணம் செய்துவிட்டு 1937-இல் அவர் தீட்டிய, சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தவர் ஓவியமும் பிரம்மச்சாரிகள் ஓவியமும் புகழ் பெற்றவை. கரிய மேனியும் வெள்ளை வேட்டியுமாக நம் மனிதர்களை அவ்வளவு மரியாதையோடு வரைந்த ஓவியர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

வரலாற்றில் விருப்பம் உள்ளவர்களுக்குக் காந்தி ஸ்மிருதி. பழைய பிர்லா மாளிகை. மகாத்மா தம் கடைசி 144 நாட்களைக் கழித்த இடம். அறையிலிருந்து பிரார்த்தனை மேடை நோக்கி அவர் கடைசியாக நடந்த வழியைக் காலடித் தடங்களாகப் பதித்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. அருகிலேயே சப்தர்ஜங் சாலை 1ஆம் எண் வீட்டில் இந்திரா காந்தி நினைவகம். அங்கே ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி இறந்தபோது அணிந்திருந்த உடையின் எஞ்சிய பகுதிகளும் வைக்கப்பட்டுள்ளன. சிறு பிள்ளைகளை அந்த அறைக்குள் அழைத்துப் போகும் முன் யோசியுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

கல்லறையும் கல்வெட்டும் பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் சலித்துவிடும். நடுவில் ஒரு பிற்பகலைச் சாணக்யபுரியில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு விடுங்கள். 1907-இல் பாட்டியாலாவில் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயில் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கார்ட்டூன் கலைஞர் சங்கர் 1965-இல் அமைத்த பொம்மை அருங்காட்சியகம் கோட்லாவுக்கு மிக அருகில் இருக்கிறது. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குச் சுப்ரீம் கோர்ட் மெட்ரோ நிலையத்தருகே சார்லஸ் கொரியா வடிவமைத்த கைவினை அருங்காட்சியகம் பிடிக்கும். அங்கே முற்றத்தில் நம் அய்யனார் கோயில் சுடுமண் குதிரைகள் நிற்கின்றன; பல மாநிலக் குடிசைகளுக்குள் நுழைந்து பார்க்கலாம், கைவினைஞர்களிடமே பொருட்களையும் வாங்கலாம். ரயில் அருங்காட்சியகத்தில் சிறுவர் ரயிலுக்குத் தனி டிக்கெட். உள்ளே போனதும் அதை முதலில் எடுத்துவிடுங்கள், பிறகு எடுக்கலாம் என்று விட்டால் மாலைக்குள் இடம் கிடைக்காது.

ஊர் திரும்பும் ரயில் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து கிளம்பினால், நிலையத்தின் பொருள் காப்பகத்தில் பெட்டிகளை வைத்துவிட்டு, ஹுமாயூன் கல்லறையை ஒட்டியுள்ள சுந்தர் நர்சரி தோட்டத்தில் கடைசி அரை நாளைக் கழிக்கலாம். பூட்டுப் போடாத பெட்டியைக் காப்பகத்தில் ஏற்க மாட்டார்கள். ஊரிலிருந்தே பூட்டு எடுத்துச் செல்லுங்கள்.